கழுத்தில் ஒரு சிலேட்டு

“பின்பக்கத்தக் கொஞ்சம் தாழ்த்துங்க. இன்னும். தலைய நிமிர்த்தாதீங்க. நீர்நாய் யாரையும் நிமிர்ந்து பார்த்துக்கிட்டே நடக்காது.”

ஓடைக்கரையின் ஈர மண்ணில் இரண்டு கைகளையும் இரண்டு முட்டிகளையும் ஊன்றி, முட்டிகளுக்கு உறை கட்டி, கழுத்தில் ஒரு சிறிய சிலேட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு, உயர்நிலைப் பள்ளியின் கணக்கு ஆசிரியர் அதே பத்தடித் தூரத்தை மூன்றாவது முறையாகத் தவழ்ந்து கடக்கிறார். வயது ஐம்பத்து நான்கு. அவருக்கு எதிரே, மரத்தின் அடியில் வாரினால் இறுக்கிக் கட்டிய பச்சைப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் அருகில் குத்துக்காலிட்டு அமர்ந்து, பெட்டியின் சிவப்பு விளக்கு எப்போது மினுக்குகிறது என்று பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருப்பவர் அவருடைய மனைவி.

“மினுக்குச்சா?” என்று மண்ணைப் பார்த்தபடியே கேட்கிறார் கணக்கு சார்.

“ரெண்டு தடவ நல்லா மினுக்குச்சு. மூணாவது, நீங்க இருமினதுக்கு மினுக்குச்சு. அதச் சேர்த்துக்க முடியாது. இன்னொரு தடவ வாங்க.”

அவர் திரும்பிப் போய் மறுபடியும் தவழ்ந்து வருகிறார். பத்தாம் வகுப்பு முழுவதையும் ஒரு செருமலில் அடக்கிவிடக்கூடியவர் என்று பெயர் வாங்கிய மனிதர்.

விலங்குகளைத் தானாகவே படமெடுக்கும் கேமரா அது. சூடுள்ள உடல் ஒன்று எதிரில் அசைந்தால் விழித்துக்கொள்ளும். அடுத்தடுத்து மூன்று படங்களை எடுக்கும். பிறகு மீண்டும் உறங்கிவிடும். பொத்தானை அமுக்க அங்கே ஆள் இல்லை. ஆகவே விலங்கு எந்த வழியாக வரும், எந்த உயரத்தில் வரும், பெட்டி அதை எத்தனை அடி தூரத்திலிருந்து உணரும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள, யாராவது ஒருவர் சற்று நேரம் விலங்காக வேண்டும். இந்த வேலையில் ஈடுபடும் மற்றவர்கள் தாங்களே தவழ்ந்து பார்த்துக்கொள்வார்கள். இந்த அம்மையாருக்கு அதில் உடன்பாடு கிடையாது.

“நானே படுத்துக்கிட்டு நானே எனக்கு ஈ.சி.ஜி. எடுத்துக்க முடியுமா?” என்பார். அத்துடன் பேச்சு முடிந்துவிடும்.

மருத்துவமனையில் அவருக்குப் பெயர் ஈ.சி.ஜி. அக்கா. தரைத் தளத்தில், மருந்தகத்துக்கும் மாடிப்படிக்கும் இடையில் இருக்கும் சன்னல் இல்லாத சிறிய அறையில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். ஒரு கட்டில், ஒரு திரை, சக்கர மேசையில் ஓர் இயந்திரம், சுவரில் ஒரு கடிகாரம். இயந்திரத்தின் உலோகப் பற்றிகளை நோயாளியின் கையில் மாட்டுவதற்கு முன்னால் தம்முடைய உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வது அவர் வழக்கம். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சில்லென்று பட்டால் மனிதர் துள்ளுவார்; துள்ளினால் கோடு கெடும் என்பது அவர் கணக்கு. “அசையாதீங்க, பேசாதீங்க, மூச்ச மட்டும் நிறுத்திடாதீங்க” என்ற மூன்று கட்டளைகளையும் ஒரே சுருதியில் சொல்வார். கடைசிக் கட்டளைக்குப் பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து பிறகே பொத்தானை அமுக்குவார்.

தாளில் ஓடும் கோணல்மாணல் கோட்டில் எது இதயம், எது இதயம் இல்லை என்று பிரித்துச் சொல்வதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. புதிதாக வந்த மருத்துவர் ஒருவர் தாளைப் பார்த்துப் பதறி எழுந்தபோது, “உக்காருங்க டாக்டர். இது ஹார்ட் இல்ல, இருமல்” என்று அமர்த்தியவர். பெயர், தேதி, நேரம் ஆகிய மூன்றும் இல்லாத தாள் அவர் அறையை விட்டு வெளியே போனதில்லை. நேரம் குறிக்காமல் வந்த தாள் ஒன்றைத் தலைமை மருத்துவருக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார். “எப்ப எடுத்ததுன்னு தெரியாத ஈ.சி.ஜி. யாரோட இதயம்னு தெரியாததுக்குச் சமம்” என்று அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதியும் வைத்தார்.

இந்தக் குணம் முழுவதையும் அப்படியே ஓடைக்கரைக்குக் கொண்டுவந்துவிட்டார். அவரிடம் ஐந்து கேமராக்கள் இருக்கின்றன. அவற்றைக் கேமரா என்று சொல்ல மாட்டார், மருத்துவமனைக் கட்டிலைச் சொல்வதுபோலப் பெட் என்பார். “மூணாம் பெட்டுக்கு பேட்டரி வீக்கா இருக்கு”, “ரெண்டாம் பெட்டுல எறும்பு கூடு கட்டியிருக்கு, டிஸ்சார்ஜ் பண்ணிடலாம்” என்று சாப்பாட்டு மேசையில் அவர் பேசுவதைக் கேட்கும் விருந்தாளிகள் கவலையுடன் நலம் விசாரிப்பதுண்டு. வெயிலில் சூடான புல்லின் நுனி காற்றில் ஆடியதற்கெல்லாம் கேமரா விழித்துக்கொள்ளும். ஒருமுறை ஒரே வாரத்தில் மூவாயிரத்து நூற்றுப் பதினேழு படங்கள் விழுந்தன. அவற்றில் மூவாயிரத்து எண்பது படங்களில் அதே புல். குறிப்பேட்டில் இதற்கென்று ஒரு பத்தி உண்டு. அதன் தலைப்பு ‘இருமல்’.

அதே குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு பட்டியல் இருக்கிறது. குடும்பத்தில் யார் எந்த விலங்குக்கு ஒத்துவருவார் என்ற விவரம் அது. யாரைப் பார்த்தாலும் செருப்பிலிருந்து தலைவரை ஒரு முறை கண்ணால் அளந்துவிட்டுத்தான் அவர் பேசத் தொடங்குவார். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருக்கும் கணவர் நரி, நீர்நாய் ஆகிய இரண்டுக்கும் பொருந்தினார். கணவரின் தம்பி அடுத்த தெருவில் இருப்பவர், மரக்கடை வைத்திருப்பவர், அகன்ற உடம்புக்காரர். அவர் பெயருக்கு நேரே ‘காட்டுப்பன்றி’ என்று எழுதியிருந்தது.

“அண்ணி, இவ்வளவு நாள் பழகியிருக்கோம். ஒரு மானாவது போடக் கூடாதா?”

“மானுக்குக் கழுத்து இருக்கும் தம்பி.”

கொழுந்தனார் இதற்குப் பழி தீர்த்துக்கொண்ட விதம் கொஞ்சம் கொடூரமானது. ஒவ்வொரு கேமராவைப் பொருத்தி முடித்ததும், கடைசியாக ஒரு முறை படமெடுக்கும் நிலையில் வைத்துக் கணவரைத் தவழவிடுவது அந்த அம்மையாரின் நியமம். கட்டில் எண், தேதி, நேரம் மூன்றையும் எழுதிய சிலேட்டு அப்போது படத்தில் விழ வேண்டும். கைகள் இரண்டும் தரையில் ஊன்றியிருப்பதால் சிலேட்டுக்குக் கழுத்தைத் தவிர வேறு இடமில்லை. கேமராவைக் கழற்றும் நாளிலும் இதே சடங்கு உண்டு. அப்படி எடுத்த படங்களில் ஒன்றைக் கொழுந்தனார் தம் கைபேசியில் பிடித்து உறவினர் குழுவில் போட்டார். அது எந்தெந்தக் கைகளைக் கடந்து பள்ளிக்குப் போனதோ தெரியாது. மூன்றாம் நாள் கணக்கு சார் வகுப்புக்குள் நுழைந்தபோது, கரும்பலகையில் கண்ணாடி போட்ட நாற்கால் விலங்கு ஒன்று கழுத்தில் சிலேட்டுடன் நின்றுகொண்டிருந்தது. சிலேட்டில் ஒரு கணக்கும் இருந்தது. விடை தப்பு என்பதுதான் அவரை அதிகம் உறுத்தியது.

அன்று மாலை வீடு வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் சமையலறை வாசலில் நின்றார்.

“ஏம்மா, நான் தவழ மாட்டேன்னு சொல்லல. எத்தன தடவ வேணும்னாலும் தவழறேன். ஆனா இனிமே அந்தப் படம் ஒண்ணுகூட இந்த வீட்டு வாசலத் தாண்டக் கூடாது. எனக்கு நீ வாக்குக் குடு.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, கணவரின் கையில் கை வைத்து வாக்குக் கொடுத்தார். அன்றே கொழுந்தனாரின் பெயர் காட்டுப்பன்றிப் பதவியிலிருந்தும் நீக்கப்பட்டது.

இந்த மாதம் முதல் தேதியன்று, ஓடைப் பக்கத்து மின்கம்பத்தில் சாலைத் துறையின் அறிவிப்பு ஒன்று ஒட்டப்பட்டது. பெரிய சாலைக்கு அடியில் ஓடை நுழைந்து மறுபக்கம் வெளியேறும் கல் சுரங்கம் ஒன்று இருக்கிறது. ஊரார் அதைச் சின்னப் பாலம் என்பார்கள். கிளைகளும் குப்பையும் உள்ளே போய் அடைத்துக்கொள்வதால், அதன் இரண்டு வாய்களுக்கும் இரும்புக் கம்பிவலை போடப்போகிறார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் பதினைந்தாம் தேதி நடக்கும் கூட்டத்தில் தகுந்த சான்றுடன் தெரிவிக்கலாம் என்பது செய்தி.

அதை அவர் இரண்டு முறை படித்தார். கணவரிடம் வந்து சொன்னபோது குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது.

“போன வருஷம் அடுத்த பாலத்துக்கு இப்படித்தான் கம்பி போட்டாங்க. கீழ போக வழியில்லாம அதுங்க ரோட்டு மேல ஏறுச்சு. நாலே மாசத்துல ரெண்டு நீர்நாய் லாரியில அடிபட்டுச்சு. இந்தப் பாலத்துக்கடியிலயும் போகுதுங்க. கல்லு மேல மீன் செதில் கிடக்கு, வாடை வருது. ஆனா செதிலையும் வாடையையும் கொண்டுபோய் மேசையில வைக்க முடியுமா? படம் வேணும்ங்க.”

“பதினாலு நாள் இருக்கே” என்றார் கணக்கு சார். அடுத்த நிமிடம் முட்டி உறைகளைத் தேடிக்கொண்டு அவரே உள்ளே போனார்.

ஐந்தாம் பெட் சின்னப் பாலத்தின் வாய்க்கு நேரே பொருத்தப்பட்டது. கணவர் தவழ்ந்தார், விளக்கு மினுக்கியது, எல்லாம் ஒழுங்காக இருந்தது. எட்டு நாட்கள் கழித்து கேமராவின் நினைவக அட்டையை எடுத்துப் பார்த்தால், தண்ணீர்ப் பறவைகள் இருபத்திரண்டு, ஒரு பூனை, ஒரு முயல், மற்றதெல்லாம் இருமல். நீர்நாய் ஒன்றுகூட இல்லை. ஆனால் கல்லின்மேல் அன்று காலையில் விட்டுப்போன புதிய செதில்கள் கிடந்தன. வந்திருக்கிறது; கேமராவின் முன்னாலேயே போயிருக்கிறது; கேமரா கண்ணைத் திறக்கவில்லை.

ஒன்பதாம் தேதி மாலை கல்லின்மேல் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தார். பிறகு கணவரைச் செருப்பிலிருந்து தலைவரை அளந்தார்.

“உங்ககிட்டதான் கோளாறு.”

“நான் என்ன பண்ணேன்?”

“நீங்க காய்ஞ்சு போயிருக்கீங்க. சூடா இருக்கீங்க. அதான் உங்களப் பார்த்ததும் மினுக்குது. அது தண்ணிக்குள்ளேர்ந்து நேரா வருது, உடம்பு முழுக்க ஈரம். தண்ணியும் அதோட முடியும் ஒரே குளிர்ச்சி. உள்ள இருக்கிற சூடு வெளிய தெரியவே தெரியாது. இத்தன நாளா நான் காய்ஞ்ச ஆள வெச்சு ஈரமான ஜீவனுக்கு டெஸ்ட் பண்ணியிருக்கேன்.”

அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பது கணக்கு சாருக்கு அவர் முடிப்பதற்கு முன்பே விளங்கிவிட்டது. கைக்கடிகாரத்தைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். கழுத்திலிருந்து முட்டிவரை மூடும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, தொப்பியையும் இழுத்துவிட்டுக்கொண்டு, ஓடைக்குள் இறங்கி முழுவதுமாக நனைந்தார். கேமராவின் எதிரே தவழ்ந்தார். விளக்கு மினுக்கவில்லை. மறுபடி நனைந்தார், மறுபடி தவழ்ந்தார். விளக்கு அசையாமல் இருந்தது.

“பாருங்க! நீங்க இல்லவே இல்ல!” என்று கை தட்டினார் அவர். முப்பது ஆண்டு மணவாழ்க்கையில் அவ்வளவு மகிழ்ச்சியுடன் மனைவி தம்மைப் பற்றிச் சொன்ன சொல் வேறெதுவும் இல்லை என்று கணக்கு சார் பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

கேமராவை அங்கிருந்து கழற்றிப் பன்னிரண்டடி தள்ளிப் பொருத்தினார்கள். செதில்கள் கிடந்த தட்டைக் கல்லின்மேல் நீர்நாய் ஏறும், உடம்பை உதறும், புரளும், காயும். அங்கே பெட்டி அதை உணரும். பாலத்தின் வாயும் படத்தின் பின்புறத்தில் விழும். புதிய பேட்டரிகளைப் போட்டார். அந்த நேரம் பார்த்து, நனைந்த கோட்டுடன் நின்ற கணவர் தும்மினார். ஒன்று, இரண்டு, ஐந்து. உதடு நீலம் பூத்திருந்தது. அவருடைய விரல்களைத் தம் உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே, “போதும் போதும், ஒரே ஒரு தடவ தவழ்ந்துட்டு வீட்டுக்கு ஓடுங்க” என்றார். சிலேட்டில் எழுதினார்: ஐந்தாம் பெட், ஒன்பதாம் தேதி, மாலை 5.10. தண்ணீர் பட்டு அழியாமலிருக்க அதைக் கண்ணாடித்தாள் உறைக்குள் செருகிக் கணவரின் கழுத்தில் மாட்டினார். உடம்பின் சூடு கேமராவுக்குத் தெரியட்டும் என்று அவர் கோட்டின் முன்புறத்தைத் திறந்துகொண்டு தவழ்ந்தார். படமெடுக்கும் நிலையில் விளக்கு மினுக்காது; ஆனாலும் உள்ளே படம் விழுந்தது. இருவரும் வேகமாக வீட்டுக்கு நடந்தார்கள்.

பதினான்காம் தேதி மாலை, கழற்றும் சடங்கையும் முடித்துக்கொண்டு வந்து, அம்மையார் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தார். எழுபத்து மூன்றாவது படத்தில் கை நின்றது. தட்டைக் கல்லின்மேல் ஒரு தாய் நீர்நாய்; வாயில் மீன்; அதன் வாலைத் தொட்டபடி பாலத்தின் வாயிலிருந்து வெளியேறும் இரண்டு குட்டிகள். மீசை மயிரில் நீர்த்துளிகூடத் தெரிந்தது. கணக்கு சார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“அடேயப்பா! ஜெயிச்சிட்டோம்மா!”

மனைவியின் விரல் படத்தின் அடிப்பட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஜனவரி 3, பகல் 12.49 என்று அங்கே இருந்தது. நடப்பதோ ஜனவரி இல்லை. படத்தில் இருப்பதோ விடியற்காலை வெளிச்சம். பேட்டரியை மாற்றினால் இந்தக் கேமராவின் கடிகாரம் ஜனவரி முதல் தேதி நள்ளிரவுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டும். தும்மலின் அவசரத்தில் திருத்தவில்லை. நேரமில்லாத தாளைத் தலைமை மருத்துவருக்கே திருப்பி அனுப்பியவர், நேரம் தப்பிய படத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் படத்துக்குப் போனார். கழுத்தில் சிலேட்டுடன், சொட்டச் சொட்ட நனைந்த கோட்டுடன், தும்மலுக்காக வாயைத் திறந்த நிலையில் அவர் கணவர். அடிப்பட்டையில் ஜனவரி 1, 00.04. சிலேட்டில் சரியான தேதியும் நேரமும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், நீர்நாய் வந்த சரியான நேரத்தைக் கண்டுபிடிக்கும் வழி தெளிவாக இருந்தது. அது இருவருக்கும் ஒரே நொடியில் தெரிந்தது. அம்மையார் கணினியை மூடினார்.

“வாக்கு வாக்குதான்” என்றார். “நீர்நாய் படத்த மட்டும் காட்டறேன். நம்பினா நம்பட்டும்.”

கணக்கு சார் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அதில் சர்க்கரை போட்டிருக்கவில்லை.

மறுநாள் சாலைத் துறை அலுவலகத்தின் கூட்ட அறையில் ஐம்பது பேர் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் கணக்கு சாரிடம் படிப்பவர்கள். கூட்டத்தை நடத்திய பொறியாளருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை, மரியாதையான பேச்சு. நீர்நாய்களின் படம் சுவரில் விழுந்ததும் அறை முழுவதும் ஓர் ஆச்சரிய ஒலி எழுந்தது. பொறியாளரும் புன்னகை செய்தார். பிறகு, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார்.

“படம் பிரமாதம்மா. ஆனா ஜனவரின்னு போட்டிருக்கு. மத்தியானம்னு போட்டிருக்கு, வெளிச்சம் காலை வெளிச்சம் மாதிரி இருக்கு. எப்ப எடுத்ததுன்னு நான் ஃபைல்ல என்ன எழுதறது?”

“கடிகாரம் தப்பு சார். வெச்சது நான். தப்பு என்னோடது” என்றார் அவர். மடிக்கணினியின் மூடியை மெல்ல இறக்கத் தொடங்கினார்.

“மூடாதம்மா.”

மூன்றாவது வரிசையில் கணக்கு சார் எழுந்து நின்றிருந்தார்.

“முதல் படத்தப் போடு.”

“ஏங்க, வேணாங்க...”

“வாக்கு எனக்குத்தான குடுத்த? நான் திருப்பித் தந்துட்டேன். போடு.”

படம் விழுந்தது. சுவரின் அகலம் முழுவதும் நான்கு காலில் தவழும் கணக்கு சார். பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கிப் பார்த்து முடியாமல் வெடித்தார், அறையே குலுங்கியது. மரக்கடைக் கொழுந்தனார் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணைத் துடைத்தார். கணக்கு சார் அசையவில்லை. நேராக வெள்ளைப் பலகைக்குப் போய் எழுதுகோலைத் திறந்தார். அங்கே நின்று ஒரு முறை செருமினார்.

“சிரிச்சு முடிச்சாச்சா? இப்ப கழித்தல்.”

அறை கப்சிப்பென்று அடங்கியது. கேமரா சொல்லும் முதல் நேரம் ஜனவரி 1, 00.04. சிலேட்டு சொல்வது ஒன்பதாம் தேதி மாலை 5.10. நீர்நாய் வந்தது, கேமராவின் கணக்கில் அதற்கு இரண்டு நாள், பன்னிரண்டு மணி, நாற்பத்தைந்து நிமிடம் கழித்து. ஆக, பன்னிரண்டாம் தேதி அதிகாலை 5.55. விடியல் வெளிச்சம் விழும் நேரம். அவர் விடைக்கு அடியில் இரண்டு கோடு போட்டார்.

“நடுவுல கடிகாரம் நின்னு போயிருந்தா, சார்?” என்றார் பொறியாளர். தம்மையறியாமல் கையை உயர்த்தியிருந்தார்.

“நல்ல கேள்வி. கடைசிப் படத்தப் போடும்மா.”

கடைசிப் படத்திலும் அவரேதான். இந்த முறை உலர்ந்த சட்டையில். சிலேட்டில் பதினான்காம் தேதி மாலை 5.40. அடிப்பட்டையில் ஜனவரி 6, 00.34. இரண்டு கடிகாரங்களின்படியும் ஐந்து நாள், அரை மணி. நிமிடம் பிசகவில்லை. முன்வரிசையில் ஒரு பெற்றோர் கை தட்டினார். யாரும் இப்போது சிரிக்கவில்லை.

பொறியாளர் பலகையில் இருந்ததைத் தம் கோப்பில் அப்படியே எழுதிக்கொண்டார். நீர்நாய் வந்துபோன தேதியையும் நேரத்தையும் ஏற்றுக்கொள்வதாகவும், கம்பிவலை வேலையை நிறுத்திவைப்பதாகவும் சொன்னார். கம்பிக்குப் பதிலாகக் குப்பையைச் சற்று மேலேயே தடுக்கும் ஏற்பாடு செய்ய முடியுமா என்பதை இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார்.

“அதுங்க எந்த வழியா வருதுன்னு நானே நேர்ல ஒரு தடவ பார்க்கணும்மா. சனிக்கிழமை காலையில வரட்டுமா?”

“வாங்க” என்றார் அவர்.

மறுநாள் கணக்கு சார் வகுப்புக்குள் நுழைந்தபோது கரும்பலகையில் அதே விலங்கு அதே சிலேட்டுடன் நின்றது. கணக்கு இந்த முறை சரியாக இருந்தது. அதை அழிக்காமல் பக்கத்தில் மதிப்பெண் போட்டுவிட்டு, பாடத்தை மிச்சமிருந்த இடத்தில் நடத்தினார் என்று கேள்வி.

சனிக்கிழமை காலை பொறியாளர் புதிய ரப்பர்க் காலணிகளுடன் ஓடைக்கரைக்கு வந்து சேர்ந்தார். ஐந்தாம் பெட் தட்டைக் கல்லுக்கு எதிரே தயாராக இருந்தது. கேமராவின் நேரத்தைக் கைக்கடிகாரத்துடன் ஒப்பிட்டார் அம்மையார்; ஒப்பிட்டதைக் கணவரிடம் காட்டி அவரையும் ஒரு முறை ஒப்பிடச் சொன்னார். முட்டி உறைகளைக் கட்டிக்கொள்ளக் கணக்கு சார் குனிந்தபோது, அம்மையார் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

பிறகு பொறியாளரைச் செருப்பிலிருந்து தலைவரை ஒரு முறை கண்ணால் அளந்தார். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து ஏதோ எழுதினார். சிலேட்டைத் துடைத்துத் தேதியையும் நேரத்தையும் எழுதி, அதன் கயிற்றை இரண்டு கைகளாலும் விரித்துப் பொறியாளரின் தலைக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.